பழைய ரைசன்: ஓவர்கிளாக் செய்யவா, மாற்றவா?

கேள்வி (வில்லிவாக்கம்): ரைசன் 5 1600 பிராசஸர், பி450 மதர்போர்டு, 16 ஜிபி ரேம், ஆர்எக்ஸ் 580 கிராபிக்ஸ் கார்டு. கேமில் கூட்டமான தெருவுக்குள் நுழைந்தாலே திக்கித் திக்கி ஓடுகிறது. ஓவர்கிளாக் செய்தால், அதாவது பிராசஸரை அதன் இயல்பு வேகத்துக்கு மேல் ஓடவிட்டால், சரியாகுமா? அறையில் ஏசி கிடையாது. பிராசஸரைக் குளிர்விக்கும் கூலர், அதன் பெட்டியோடு வந்ததுதான்.

பதில்: சென்னை மே மாதத்தில், ஏசி இல்லாமலா? வேண்டாம் நண்பரே. 1600-ஐ எவ்வளவு தள்ளினாலும் 4 கிகாஹெர்ட்ஸ் பக்கத்திலேயே நின்றுவிடும், சூடுதான் ஏறும். போர்டில் பிராசஸர் பொருந்தும் அதே ஏஎம்4 சாக்கெட்டில் புதிய ரைசன் 5 5600 உட்காரும். 2022இல் வந்தது, 65 வாட்தான். ஆனால் பழையதைக் கழற்றும் முன்பே பயாஸை (போர்டைத் தொடங்கிவைக்கும் மென்பொருளை) புதுப்பித்துவிடுங்கள். இல்லாவிட்டால் திரையில் ஒன்றும் வராது.

இன்னொருவர்: கூலரை நேராகப் பிடித்து இழுக்காதீர்கள். இடையில் பூசிய வெப்பப் பேஸ்ட் காய்ந்திருந்தால் பிராசஸரும் சேர்ந்தே பிடுங்கிக்கொண்டு வரும், அதன் அடியில் உள்ள ஊசி போன்ற பின்கள் வளையும். கொஞ்ச நேரம் கேம் ஓட்டிச் சூடாக்கி, அணைத்துவிட்டு, இடமும் வலமுமாக மெல்லத் திருகி எடுங்கள்.

கேட்டவர்: சரி. ரிச்சி தெரு எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் 5600-ஐ செகண்ட்ஹேண்டாக வாங்கலாமா?

பதில்: தாராளமாக. அடியில் 1,331 பின் இருக்கும், வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்து வாங்குங்கள். அப்புறம், அந்த 16 ஜிபி ரேம் ஒரே குச்சியா, இரண்டா? இரண்டாக இருந்தால்தான் ரேம் முழு வேகத்தில் ஓடும்; ஒன்று என்றால் முதல் செலவு இன்னொரு குச்சிக்குத்தான்.

கேட்டவர்: ஒன்றுதான்!