எரிந்த படகுக்குள் இறங்கிப் பார்த்தவர்கள் உண்டா?

பாம்பன் தெற்குவாடி:
மீன்பிடித் தடைக்காலம். 61 நாளில் பாதி ஓடியிருக்கும். கரையேற்றி வைத்திருந்த விசைப்படகில் வெல்டிங் பொறி விழுந்து பிடித்துக்கொண்டது. தண்ணீர் அடித்து அணைத்துவிட்டார்கள். மறுநாள் விடியற்காலை படகு முதலாளி, எங்கள் சம்மாட்டி, "தம்பி, இன்ஜின் தேறுமா, பாடி தேறுமா, பார்த்துச் சொல்லு" என்றார். மூக்கில் ஈரத்துண்டைக் கட்டிக்கொண்டு ஏறினேன். இராத்திரி அடித்த தண்ணீர் தளம் பூராவும் நின்றது. இன்ஜின் ரூம் மூடி பக்கத்தில் ஒரு முழம் மட்டும் பொட்டுத் தண்ணீர் இல்லாமல் காய்ந்து வெளுத்திருந்தது. பார்த்தேன். பார்த்துவிட்டுத்தான் மூடியைத் தூக்கினேன். முதலில் காற்றை உள்ளே இழுத்தது. அப்புறம் புஸ்ஸென்று முகத்துக்கு வந்தது. புருவம் முளைத்துவிட்டது. அந்தக் காய்ந்த முழம்தான் இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது.

ஓடாவி மகன்:
அப்பா ஓடாவி, படகுத் தச்சர். நாங்கள் பார்த்தது மரப்படகு. அமரத்தில், அதாவது பின்பகுதியில், வெளிப்பக்கம் மட்டும் கருகியது. உள்ளே பெயின்ட்கூட உரியவில்லை. சம்மாட்டி புதுப் பெயின்டே வாங்கி வந்துவிட்டார். அப்பா வங்கு வங்காக, படகின் விலாச்சட்டம் ஒவ்வொன்றாக, சுத்தியலால் தட்டிக்கொண்டே போனார். கணீரென்று வந்த சத்தம் ஓரிடத்தில் சொத்தென்று ஆனது. அங்கிருந்த ஆணியை இரண்டு விரலால் பிடித்து இழுத்தார், வந்துவிட்டது. கூடவே கரித்தூள். இரும்பு ஆணி சூட்டை உள்ளே கடத்தி, தன்னைச் சுற்றியிருந்த மரத்தையே தின்றிருக்கிறது. அப்பா ஒன்றும் பேசவில்லை. ஆணியைச் சம்மாட்டி உள்ளங்கையில் வைத்தார்.

வாலிநோக்கம் பழைய கை:
தெற்குவாடித் தம்பி, ஈரத்துண்டு எதற்கு? கரித்தூளை வேண்டுமானால் தடுக்கும். புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடு அதில் நிற்காது. காற்றே இல்லாத இடத்தில் துண்டு என்ன செய்யும்? இங்கே கப்பல் உடைத்த காலத்தில் மூடிக்கிடந்த டாங்குக்குள் ஒருவன் இறங்கினான். கடைசிப் படியில் களைத்துப்போய் உட்கார்ந்தவன் மாதிரி உட்கார்ந்தான், எழவில்லை. அவனைத் தூக்க இறங்கப்போனவனைச் சட்டையைப் பிடித்து நிறுத்தினோம். தீயும் இல்லை, புகையும் இல்லை. துருவே ஆக்சிஜனைத் தின்றுவிடும்.

வெளிக்காற்றில் ஆக்சிஜன் 20.9 சதவீதம் இருக்கும். 19.5க்குக் கீழே போனால் இறங்காதே. மேலே, நடுவே, அடியில் என்று மூன்று இடத்தில் ஆக்சிஜன் அளக்கும் மீட்டரை விட்டுப் பார். இடுப்பில் கயிறு, மேலே ஒரு ஆள். அந்த ஆள் எக்காரணம் கொண்டும் இறங்கக்கூடாது. சமையல் கேஸ் காற்றைவிடக் கனம், அடித்தட்டில் போய்ப் படுத்திருக்கும், சுவிட்சைத் தொடாதே. படகு மிதப்பில் இருந்தால், தீயணைக்க அடித்த தண்ணீர் ஒரு பக்கம் சாய்ந்தாலே கவிழ்த்துவிடும். சூடு எவ்வளவு ஏறியது என்று தெரிய எது உருகியிருக்கிறது என்று பார். அலுமினியம் 660 டிகிரியில் உருகும், செம்பு 1085. அலுமினியம் ஒழுகியிருந்தால் பக்கத்து இரும்புத் தகடு பாதி பலத்தை இழக்கும் சூட்டைத் தாண்டியிருக்கிறது. ஆறினபிறகு நேராகத் தெரிந்தாலும் நூல் பிடித்துப் பார்.

மண்டபம் வடக்கு:
அண்ணே, நம்ம ஜெட்டியில் மீட்டர் யாரிடம் இருக்கிறது? சர்வேயர் கொண்டுவந்தால் உண்டு. எங்கள் ஃபைபர் வள்ளத்தில் அடுப்புத் தீ. பிசின் எரிந்துபோய் வெறும் கண்ணாடி நார் வேட்டி மாதிரி விரிந்து கிடந்தது. தளம்தானே என்று மிதித்தேன், தொடைவரை உள்ளே. அரிப்பு மூன்று நாள்.

வாலிநோக்கம் பழைய கை:
மீட்டர் இல்லையென்றால் இறங்காதே என்றுதானே சொல்கிறேன்.

பாம்பன் தெற்குவாடி:
நான் இறங்கவே இல்லை அண்ணே, மூடியைத்தான் திறந்தேன். அந்தக் காய்ந்த இடத்தில் புறங்கையை வைத்துப் பார்த்திருந்தால் சூடு தெரிந்திருக்கும். சரி, ஓடாவி மகனே, அந்தச் சம்மாட்டி அப்புறம் என்ன செய்தார்?

ஓடாவி மகன்:
பெயின்ட் டப்பாவைத் திருப்பிக் கொடுக்கப் போனார். ஒரு டப்பா திறந்திருக்கிறது என்று கடையில் வாங்கவில்லை.