பீவருக்குக் கால்பொறி: எந்த அளவு வாங்குவது?

குளத்தடி:

எல்லாருக்கும் வணக்கம். ஒன்ராறியோவில், பீற்றர்பரோவுக்கு வடக்கே எங்களுக்கு 40 ஏக்கர் காணி இருக்கிறது. வீட்டுக்கு வரும் பாதைக்கு அடியில் ஒரு மதகு. போன இலையுதிர்காலத்தில் ஒரு பீவர் (அணை கட்டி நீரில் வாழும் கொறிணி) குடும்பம் அதன் வாயைச் சேறும் தடியும் போட்டு அடைத்துவிட்டது. காலையில் மண்வெட்டியால் கிளறி எடுப்பேன், மறுநாள் விடிய மறுபடி அடைபட்டிருக்கும். இந்த வசந்தத்தில் பனி கரைந்த தண்ணீர் பாதைக்கு மேலால் ஓடி, சரளைக்கல்லை எல்லாம் அள்ளிக்கொண்டு போய்விட்டது.

இயற்கைவள அமைச்சு அலுவலகத்தில் கேட்டேன். சொந்தக் காணியில் சேதம் செய்கிற பீவரைப் பிடிக்கலாம், ஆனால் பொறி பற்றிய விதிகள் உங்களுக்கும் பொருந்தும் என்றார்கள். எங்களிடம் நாய் நிற்கிறது, அதனால் உடலையே நசுக்கிப் பிடிக்கும் 330 சதுரப் பொறி வைக்கப் பயம். களஞ்சியத்தில் முந்தைய சொந்தக்காரர் விட்டுப்போன 2ஆம் இலக்கச் சுருள்வில் கால்பொறிகள் மூன்று கிடக்கின்றன. அவை போதுமா? கடைக்காரர் 4ஆம் இலக்கம் என்கிறார், இன்னொருவர் எம்பி-750 என்ற வகைக் கால்பொறி என்கிறார். பாவித்தவர்கள் சொல்லுங்கள்.

மேப்பிள்நிழல்:

பொறிக்கு முன் ஒரு விஷயம். மதகு வாய்க்கு முன்னால் அகலமாகக் கம்பிவலை வேலி அடித்து, அணைக்கு ஊடாக ஒரு தடித்த குழாயை விட்டால் நீர்மட்டம் ஏறாது. குழாயின் உள்முனை ஆழத்தில், கம்பிக்கூட்டுக்குள் இருக்க வேண்டும். தண்ணீர் இரைகிற சத்தமும் இழுவையும்தான் பீவரை அணை கட்ட வைக்கின்றன. எங்கள் பக்கம் நான்கு வருடமாக ஒரு குழாய் வேலை செய்கிறது. மாதம் ஒருமுறை குப்பை எடுத்தால் சரி.

வடகாட்டான்:

குளத்தடி தம்பி, மேப்பிள்நிழல் சொன்னதை முதலில் யோசியுங்கள். இந்தக் குடும்பத்தைப் பிடித்தாலும் இரண்டு வருடத்தில் வேறொரு குடும்பம் வரும், அந்த இடம் அவற்றுக்குப் பிடித்த இடம்.

பிடிக்கத்தான் வேண்டும் என்றால், அந்த 2ஆம் இலக்கப் பொறிகளைத் தொட வேண்டாம். அவை நரிக்கும் ரக்கூனுக்கும் ஆனவை. நான் பொறி வைக்கும் உரிமம் எடுத்து 14 வருடம். முதல் பருவத்தில் இதே தவறைச் செய்தேன்.

பீவரின் முன்காலையும் பின்காலையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரே மிருகத்தினுடையவை என்று நம்பமாட்டீர்கள். முன்கால் ஒரு சின்னப் பிள்ளையின் கை அளவு, எலும்பு மெல்லியது. பின்கால் ஆறு, ஏழு அங்குல நீளம், விரல்களுக்கு நடுவே சவ்வு. விரித்துப் பிடித்தால் என் உள்ளங்கை மறைந்துவிடும். நான் அன்று சின்னப் பொறியைக் கரையோரம் மூன்று அங்குலத் தண்ணீரில் வைத்தேன். விடியப் போய்ப் பார்த்தால் பொறி மூடியிருந்தது. தாடைகளுக்கு நடுவே ஒரு முன்பாதம், ஐந்து விரலும் நகமும் அப்படியே இருந்தன, மணிக்கட்டில் முறுக்கி அறுந்திருந்தது. மிருகம் போய்விட்டது. அந்தத் தண்ணீரில் நின்றுகொண்டு எனக்கு வயிற்றைப் பிரட்டியது. அன்றிலிருந்து முன்காலுக்குப் பொறி வைத்ததில்லை.

ஆகவே கேள்வி இலக்கம் பற்றியது அல்ல. பின்காலைப் பிடிக்கப் போகிறீர்களா, அதற்கு ஏற்ற வாய் அகலம் பொறிக்கு இருக்கிறதா, அதைத்தான் பார்க்க வேண்டும். கம்பனிக்குக் கம்பனி இலக்கம் மாறும், அளவுநாடாவை எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். திறந்து வைத்தால் தாடைகளுக்கு இடையே ஆறரை அங்குலத்துக்குக் குறையக் கூடாது, ஏழு இருந்தால் நல்லது. பழைய 4ஆம் இலக்க நீள்வில் பொறி இதற்குச் சரியாக நிற்கும். எம்பி-750 கிட்டத்தட்ட ஏழு அங்குலம், பீவருக்கும் நீர்நாய்க்கும் என்றே செய்தது. பல் வைத்த தாடை உள்ள பழைய பொறி எங்கேயாவது மலிவாகக் கிடைத்தால் வாங்காதீர்கள், ஒன்ராறியோவில் அதற்குத் தடை.

வைக்கும் இடம்: பீவர் நீந்தும்போது முன்கால்களை நெஞ்சோடு மடக்கிக்கொண்டு பின்கால்களால்தான் துடுப்புப் போடும். கரையை நெருங்கும்போது முதலில் நெஞ்சு தரை தட்டும், பிறகுதான் பின்கால் இறங்கும். அந்தக் கால் இறங்கும் இடத்தில், பத்து முதல் பன்னிரண்டு அங்குல ஆழத்தில் பொறி இருக்க வேண்டும். பீவர் கரையேறும் பாதையின் நடுக்கோட்டில் வைத்தால் வயிறு பொறி நடுவிலுள்ள மிதிதட்டைத் தட்டிப் பொறி மூடும், உங்களுக்குக் கிடைப்பது ஒரு பிடி மயிர். நடுவிலிருந்து ஐந்து, ஆறு அங்குலம் விலத்தி வையுங்கள். மிதிதட்டைக் கொஞ்சம் இறுக்கமாக விட்டால் மஸ்க்ரட் (நீரில் வாழும் சிறிய கொறிணி) ஏறினாலும் பொறி மூடாது. அந்த ஆழத்தில் நாய்க்கும் ஆபத்து குறைவு, ஆனாலும் பொறி இருக்கும் நாளில் நாயைக் கட்டி வையுங்கள்.

அடுத்தது, பொறியைவிட முக்கியம்: மூழ்கடிக்கும் கம்பி. இங்கே பீவருக்குக் கால்பொறி என்றால் அது நீருக்குள் மூழ்கடிக்கும் அமைப்பாகத்தான் இருக்க வேண்டும். கரையில் ஒரு முளை, ஆழத்தில் 40, 50 இறாத்தல் மணல்மூட்டை, இரண்டுக்கும் நடுவே முறுக்குக்கம்பி. பொறியின் சங்கிலி அந்தக் கம்பியில் ஓடும் ஒருவழிப் பூட்டில் மாட்டியிருக்கும். பிடிபட்டதும் பீவர் ஆழத்துக்குப் பாயும், பூட்டு கீழே போகும், மேலே வராது. பீவர் பதினைந்து நிமிடம் மூச்சடக்கக்கூடிய மிருகம். பூட்டு நடுவில் சிக்கினால் அது தண்ணீருக்கு மேலே தலை நீட்டி இரவு முழுக்கக் கிடந்து துடிக்கும். அது நடக்கவே கூடாது.

குளத்தடி:

மிக்க நன்றி அண்ணை. அந்தப் பாதத்தைப் பற்றி எழுதியதை மனைவிக்கும் வாசித்துக் காட்டினேன். இரண்டு சந்தேகம். நீள்வில்லா, சுருள்வில்லா? மதகடியில் ஆழம் இரண்டு அடிதான், அங்கே வைக்கலாமா?

வடகாட்டான்:

இரண்டடியில் வைக்க வேண்டாம். பின்கால் பிடிபட்ட பெரிய பீவர் அந்த ஆழத்தில் மூக்கை வெளியே நீட்டிவிடும். நான் நாலு அடிக்குக் குறைந்த இடத்தில் கம்பி இறக்குவதில்லை. மதகுக்கு மேற்பக்கம் உள்ள குளத்தைச் சுற்றி நடந்து பாருங்கள். இப்போது வசந்தம், பீவர்கள் கரையில் சேற்றைக் குவித்துத் தங்கள் வாசனையை விட்டு எல்லை குறிக்கும். இரண்டு வயதுக் குட்டிகள் புது இடம் தேடிப் புறப்படும் காலமும் இதுதான். அந்தச் சேற்றுக் குவியலுக்கு நேரே ஆழம் கிடைத்தால் அங்கே வையுங்கள்.

வில்லைப் பொறுத்தவரை, பீவர் ஏறி இறங்கும் ஒடுங்கிய சறுக்குப் பாதைக்குச் சுருள்வில் அடக்கமானது, சேற்றில் ஆடாமல் பதியும். நீள்வில் இரண்டு பக்கமும் கை நீட்டிக்கொண்டு நிற்கும். விறைத்த விரலோடு தண்ணீருக்குள் வைக்க எனக்கு நீள்வில் இலகு. நீங்கள் புதியவர், சுருள்வில்லை எடுங்கள், தரையில் கையுறை போட்டு இருபது தடவை திறந்து மூடிப் பழகுங்கள். சங்கிலி நீளமாக வேண்டாம், நீண்டால் மேலே வர இடம் கொடுக்கும். சங்கிலியில் சுழலும் கண்ணி குறைந்தது இரண்டு இருக்கட்டும்.

குளத்தடி:

நேற்று மேல்குளத்தில் ஒரு குவியல் கண்டோம், கடுமையான ஒரு மணம். நீளத் தடியால் அளந்தேன், கரையிலிருந்து எட்டடி தள்ளி ஐந்தடி ஆழம். எம்பி-750 இரண்டு வாங்கிவிட்டேன். பொறி இல்லாமல் கம்பியையும் பூட்டையும் மட்டும் இறக்கி, கயிறு கட்டி இழுத்துப் பார்த்தேன். பாதி வழியில் ஒரு பழைய வேரில் தட்டி நின்றது.

வடகாட்டான்:

அந்த வேரை வெட்டுங்கள், இல்லையென்றால் கம்பியை மூன்றடி தள்ளிப் போடுங்கள். மறுபடி கயிறு கட்டி இழுத்து, ஐந்து தரமும் அடிவரை போன பிறகு பொறியை மாட்டுங்கள். விடியற்காலையில் நீங்களே போய்ப் பாருங்கள், பிள்ளைகளை அனுப்பாதீர்கள்.