புதுப்பிப்பு: யேட்ஸின் கடைசிக் கவிதைகளும் கையெழுத்துப் பிரதிகளும்

யாழ்ப்பாணத்தில் இருந்தபடியே ஐரிஷ் கவிஞர் யேட்ஸின் பிற்காலக் கவிதைகளைக் கையெழுத்துப் பிரதிகளோடு படிக்க வழியுண்டா என்று முன்பு கேட்டிருந்தேன். உண்டு. மூலங்களில் பெரும்பகுதி டப்ளினில், அயர்லாந்து தேசிய நூலகத்தில் இருக்கிறது. ஆனால் அவற்றின் படங்களும், அடித்தல் திருத்தல்களோடு எடுத்த படிகளும் அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகப் பதிப்பு வரிசையில் அச்சாகியிருக்கின்றன. வெளிநாட்டிலுள்ள மச்சாள் தன் பல்கலைக்கழக நூலகத்திலிருந்து வேண்டிய பக்கங்களை அனுப்பினாள்.

என்னை அதிகம் உலுக்கியது ஒரு பட்டியல். 1939 ஜனவரியில் இறப்பதற்குச் சற்று முன், கடைசித் தொகுப்பில் எது எதற்குப் பின் வரவேண்டும் என்று யேட்ஸ் எழுதி வைத்திருக்கிறார். கல்லறை வாசகத்தோடு முடியும் 'பென் புல்பன் அடியில்' அதில் முதலாவது. இளமைக்கு ஏங்கும் குட்டிக் கவிதை 'அரசியல்', கவிதைகளில் கடைசி. 1940இல் மக்மில்லன் பதிப்பகம் வெளியிட்ட பதிப்போ கல்லறைக் கவிதையைக் கொண்டுபோய் முடிவில் வைத்துவிட்டது. வகுப்பில் நாங்கள் படித்த அந்தக் கம்பீரமான கிழவர் இந்த மாற்றத்தில் உருவானவர். பட்டியல்படி வாசித்தால், மரணத்தில் தொடங்கி, ஒரு பெண்ணைப் பார்த்து ஏங்கும் மனிதராக முடிகிறார். எனக்கு இந்த யேட்ஸைத்தான் பிடிக்கிறது.

சரி, ஒரு வேண்டுகோள்: எங்கள் ஊர்க் கவிஞர்களின் பழைய கொப்பிகள் யாரிடமாவது இருந்தால், ஈழத் தமிழ் ஆவணங்களை இணையத்தில் சேமிக்கும் 'நூலகம்' நிறுவனத்திடம் ஸ்கான் பண்ணக் கொடுங்கள். கிழிந்த தாள், உள்ளடக்கப் பட்டியல் எல்லாவற்றையும் சேர்த்தே.