புதுப்பிப்பு: செவ்வாய்ப்பேட்டை மண்டி பில்லிங் மெஷின் உறைவது

முன்பு கேட்டது இதுதான்: 16 ஜிபி ரேம் உள்ள லினக்ஸ் மெஷின், சாயங்காலம் யூஎஸ்பி டிஸ்க்குக்கு பேக்கப் ஓடும்போது பில்லிங் திரை நிமிடக்கணக்கில் நின்றுவிடுகிறது. "ரேம் கூட்டுங்க" என்றார்கள் பலர். கூட்டினால் இன்னும் மோசமாகும்.

காரணம் டர்ட்டி பேஜ், அதாவது ரேமில் இருந்து இன்னும் டிஸ்க்குக்குப் போகாத டேட்டா. எழுதும் டேட்டா முதலில் ரேமில்தான் தேங்கும். கைவசமுள்ள மெமரியில் 10% தாண்டினால் கர்னல் (லினக்ஸின் மையப்பகுதி) பின்னணியில் டிஸ்க்குக்குத் தள்ளத் தொடங்கும். 20% எட்டினால் எழுதுகிற புரோகிராமையே, பில்லிங்கையும் சேர்த்து, நிறுத்திக் காக்க வைக்கும். 16-ல் கைவசம் 14 ஜிபி இருந்தால், அதில் 20% என்பது 2.8 ஜிபி. நொடிக்கு 30 எம்பி எழுதும் டிஸ்க்கில் அது வடிய ஒன்றரை நிமிடம். ரேம் கூடக் கூட இந்தத் தேக்கமும் பெருகும்.

அந்த இரண்டு சதவீத எல்லைகளுக்குப் பதில் வைத்தது: டர்ட்டி பேக்ரவுண்ட் பைட்ஸ் 67108864 (64 எம்பி), டர்ட்டி பைட்ஸ் 268435456 (256 எம்பி). பைட்ஸில் கொடுத்ததும் பழைய ரேஷியோ (சதவீத) மதிப்பு 0 எனக் காட்டும். பதற வேண்டாம், இரண்டில் ஒன்றுதான் செல்லும். கர்னல் அமைப்புகளை வைக்கும் சிஸ்சிடிஎல் கோப்பில் எழுதாவிட்டால் ரீபூட்டில் போய்விடும்.

மெமரி நிலையைக் காட்டும் மெம்இன்ஃபோவில் 'டர்ட்டி' வரி இப்போது 256 எம்பியைத் தாண்டுவதில்லை. பில் உடனே சேவ் ஆகிறது. பேக்கப் மட்டும் முன்பைவிடச் சற்று மெதுவாகத் தெரிகிறது.

கிரானில் (குறித்த நேரத்தில் தானாக வேலை ஓட்டுவது) டிராப் கேச்சஸ் (ரேமில் தேங்கிய கோப்பு நகல்களைக் காலி செய்வது) போடச் சொன்னவர்களுக்கு: அது சுத்தமான, அதாவது டிஸ்க்கில் ஏற்கெனவே உள்ள பேஜைத்தான் விடுவிக்கும், டர்ட்டியைத் தொடாது. ஸ்டாக் கோப்புகளை மறுபடி டிஸ்க்கிலிருந்து படிக்க வேண்டிவரும். வீண் வேலை, எடுத்தாயிற்று.