புதுப்பிப்பு: ஃபோம் இலக்கில் சிக்கிய குறுக்குவில் அம்புகள்

வினாடிக்கு 370 அடி வேகக் குறுக்குவில்லில் எய்த மூன்று கார்பன் அம்புகள் ஃபோம் பிளாக்கில் இறகுவரை புதைந்துவிட்டன, இரண்டு பேர் இழுத்தும் அசையவில்லை என்று போன மாதம் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. மூன்றும் வந்துவிட்டன, ஒன்று மட்டும் முனை இல்லாமல்.

ரப்பர் பிடிப்பான் வாங்கினேன். கை வழுக்கவில்லை, ஆனால் நேராக இழுத்தால் அதற்கும் அசையவில்லை. பலித்தது, "முதலில் திருப்பு, அப்புறம் இழு" என்ற யோசனைதான். உராய்வுச் சூட்டில் ஃபோம் உருகித் தண்டில் ஒட்டிக்கொள்கிறது. கொஞ்சம் திருப்பியதும் 'டப்' என்று ஒட்டு விட்டது. பிறகு முழங்காலால் இலக்கை அழுத்தி, தண்டு வளையாமல், முகத்தை ஓரமாக வைத்துக்கொண்டு இழுத்தேன்.

எதிர்பாராதது: மூன்றாவதை இடப்பக்கம் திருப்பித் தொலைத்தேன். முனை தண்டில் மரையால் திருகி மாட்டியது; அது கழன்று உள்ளேயே தங்கிவிட்டது. அம்பின் இறகுப் பக்கமிருந்து பார்த்து, கடிகார முள் திசையில் மட்டும் திருப்புங்கள். தங்கிய முனையைத் தோண்டி எடுத்துவிட்டேன். அடுத்த அம்பு அதில் மோதினால் அதுவும் போச்சு.

இப்போது எய்யும் முன் தண்டின் முன்பாதியில் காய்ந்த சோப்புக் கட்டியைத் தேய்க்கிறேன். ஒரே ஆள் இழுத்தால் வருகிறது. (குளியலறை சோப்பு எங்கே போகிறது என்று வீட்டில் விசாரணை நடக்கிறது.) எடுத்த அம்புகளைத் துடைத்து, லேசாக வளைத்துப் பார்த்தேன், விரிசல் சத்தம் இல்லை, அதனால் மறுபடி எய்கிறேன்.