பச்சை டிக்கை நம்பிக் கெட்ட கதைகள்

ஒற்றையாள் ஐடி:

நாற்பது பேர் வேலை பார்க்கும் நிறுவனத்தில் சர்வரிலிருந்து பிரிண்டர் வரை எல்லாவற்றுக்கும் நான் ஒருவன்தான். தினமும் காலையில் "பேக்கப் வெற்றி" என்று ஒரு மெயில் வரும். தலைப்பிலேயே பச்சை டிக் தெரிவதால் திறந்துகூடப் பார்க்க மாட்டேன்.

ஒரு திங்கட்கிழமை கணக்குப் பிரிவிலிருந்து போன். எந்த ஃபைலும் திறக்கவில்லை, பெயருக்குப் பின்னால் ஏதோ புது வால் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்றார்கள். 'வால்' என்றதுமே வயிற்றைக் கலக்கியது. ரேன்சம்வேர், அதாவது ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் நிரல். கணக்கு மென்பொருள் விற்றவர், தன் இடத்திலிருந்தே பழுது பார்க்க வசதியாக ரிமோட் டெஸ்க்டாப்புக்கு 3389 போர்ட்டை, அதாவது இணையத்திலிருந்து சர்வருக்குள் வரும் ஒரு வாசலை, திறந்துவிடச் சொல்லியிருந்தார். "ரெண்டு நாள்தான் சார்." திறந்தது நான். மூட மறந்ததும் நான்தான்.

சரி, பேக்கப் இருக்கிறதே என்று நாஸ் பெட்டிக்குள் (நெட்வொர்க்கில் மாட்டிய சேமிப்புப் பெட்டி) போனால் அங்கேயும் அதே வால். வசதிக்காக அதைச் சர்வரில் ஒரு டிரைவாக மாட்டி வைத்திருந்தேன். சர்வரால் எழுத முடிகிற இடத்தில் எல்லாம் அந்தப் பாழாய்ப்போன நிரலாலும் எழுத முடியும் என்பது அன்றைக்குத்தான் உறைத்தது.

காப்பாற்றியது கணக்குப் பிரிவு அக்காவின் மேசை இழுப்பறை. என்னை நம்பாமல், மாதக் கணக்கை முடித்ததும் அவராகவே ஒரு பழைய யுஎஸ்பி டிஸ்கில் எல்லாவற்றையும் நகலெடுத்துக் கழற்றி வைப்பாராம். அது 23 நாள் பழையது. மிச்சத்தைக் காகித ரசீதுகளைப் பார்த்து நான்கு பேர் ஒரு வாரம் உட்கார்ந்து தட்டினோம்.

இப்படி அடிபட்டவர்கள் வேறு யாராவது உண்டா?

பழைய கேபிள்:

கழற்றி வைத்தது பிழைத்தது என்றதும் மேர்ஸ்க் ஞாபகம் வந்தது. 2017 ஜூனில் நாட்பெட்யா என்ற நாசகார நிரல் தாக்கியபோது அந்தக் கப்பல் நிறுவனத்தின் டொமைன் கன்ட்ரோலர்கள் (யார் யார் உள்ளே வரலாம் என்று கவனிக்கும் சர்வர்கள்) வரிசையாக அழிந்தன. கானாவில் இருந்த ஒன்று மட்டும் மின்வெட்டால் அணைந்து கிடந்து தப்பியது. அதை வைத்துத்தான் மறுபடி எழுந்தார்கள். ஆகவே இழுப்பறைக்காக நீங்கள் வெட்கப்பட வேண்டாம்.

என் கதையில் திருடன் எல்லாம் இல்லை. சர்வரில் ரெய்டு 5, அதாவது பல டிஸ்குகளைச் சேர்த்து ஒன்றாக ஓட்டும் ஏற்பாடு. ஒரு டிஸ்க் போனாலும் ஓடும் என்ற தைரியம். ஒன்று போனது, ஆரஞ்சு விளக்கும் எரிந்தது. பூட்டிய அறைக்குள் எரிந்தால் யார் பார்ப்பது? இரண்டாவது டிஸ்கும் போன அன்றுதான் உள்ளே போனோம். பேக்கப்பை இறக்கினால் எல்லா ஃபோல்டரும் இருக்கின்றன, டேட்டாபேஸ் ஃபைல் மட்டும் இல்லை. எப்போதும் திறந்தே இருக்கும் ஃபைல் என்பதால் நகலெடுக்க முடியாமல் மென்பொருள் ஒவ்வொரு இரவும் அதைத் தாண்டிப் போயிருக்கிறது. மென்பொருள் எழுதும் லாக் குறிப்பில் கடைசியில், "1 ஃபைல் தவிர்க்கப்பட்டது". அந்த ஒரு ஃபைலுக்காகத்தான் சர்வரே வாங்கினோம்.

மேகவாசி:

எங்களிடம் சர்வரே கிடையாது, எல்லாம் மைக்ரோசாஃப்ட்டின் இணையச் சேமிப்பான ஒன்டிரைவில். ஒருவர் லேப்டாப்பில் இடம் போதவில்லை என்று பகிர்ந்த ஃபோல்டரை அழித்தார், எல்லோரிடமும் அழிந்தது. அலுவலகக் கணக்கில் அழித்தவை 93 நாள் வரை ரீசைக்கிள் பின் என்ற குப்பைத் தொட்டியில் கிடக்கும். நாங்கள் தேடியது ஐந்தாவது மாதம்.

சாவிக்கொத்து:

என்னுடையதைக் கேட்டால் சிரிப்பீர்கள். பேக்கப்புக்குப் பாஸ்வேர்டு போட்டுப் பூட்டியிருந்தார்கள், நல்ல பழக்கம். அந்தப் பாஸ்வேர்டை எழுதி வைத்திருந்த ஃபைல், செத்துப்போன அதே சர்வரில். எனக்கு முன்னால் வேலை பார்த்தவரைப் போனில் பிடித்தேன். நல்லவேளை, அவருக்கு ஞாபகம் இருந்தது. இப்போது அது காகிதத்தில், உறைக்குள், முதலாளியின் அலமாரியில். ஒற்றையாள் அண்ணா, நீங்கள் இப்போது எப்படி வைத்திருக்கிறீர்கள்?

ஒற்றையாள் ஐடி:

3389 மூடியாச்சு தம்பி, விபிஎன் என்ற பூட்டிய தனி வழியாக மட்டும்தான் உள்ளே வர முடியும். நாஸில் சர்வர் எழுதுவதில்லை. நாஸே வந்து நகலை இழுத்துக்கொள்கிறது, அதன் பாஸ்வேர்டு சர்வரில் எங்கேயும் கிடையாது. இரண்டு யுஎஸ்பி டிஸ்க் வாரம் மாற்றி வாரம், ஒன்று எப்போதும் அலுவலகத்துக்கு வெளியே.

அப்புறம், மாதம் ஒருமுறை ஒரு பழைய டெஸ்க்டாப்பில் பேக்கப்பை முழுசாக ரெஸ்டோர் செய்து (திரும்ப இறக்கி), அக்காவைக் கூப்பிட்டு முந்தின நாள் ரசீது ஒன்றைத் திறக்கச் சொல்கிறேன். திறந்தால்தான் என் கணக்கில் டிக். முதல் தடவை ஆறு மணி நேரம் பிடித்தது. "என்ன ஆனாலும் ஒரு மணி நேரத்தில் எழுப்பிவிடலாம்" என்று முதலாளியிடம் வருஷக்கணக்காகச் சொல்லி வந்திருக்கிறேன். மறுநாள் போய்த் திருத்திச் சொன்னேன். முகம் சுளித்தார், ஆனால் புது டிஸ்குகளுக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

அக்கா இழுப்பறை டிஸ்கை இன்னும் விடவில்லை. நானும் விடச் சொல்லவில்லை.