குளத்துத் தெய்வமும் தெரிவுகளும்: தமிழில் ஒரு வாழ்க்கை கேம், திட்டம் சரியோ?

குளக்கட்டு:
ரெண்டு பேர் சேர்ந்து தெரிவு செய்து விளையாடுற கேம் ஒண்டு செய்யப்போறம். வன்னியில ஒரு குளத்தோரக் கிராமம். 12 வயசிலயிருந்து 30 வரைக்கும் வாழவேணும். வயல், காடு, நந்திக்கடல் இறால், வைகாசிப் பொங்கல் எல்லாம் வரும். குளத்தைக் காக்கிற தெய்வத்துக்குக் குடுத்த வாக்கைக் காப்பாத்தினா குளம் நிரம்பி வான் பாயும், மீறினா குளம் வத்தும். மாசத்துக்கு ரெண்டு தெரிவு. கேம் செய்யிற மென்பொருள் கோடொட் 4, ஓடுறது ஆண்ட்ராய்ட் போனில. ஆறு மாசத்தில முடியுமோ? கிளைக்கதை பெருகாமல் என்ன செய்யலாம்?

பாலைப்பழம்:
இந்த அளவில ஏலாது. 18 வருசம், மாசம் ரெண்டு எண்டால் 432 தெரிவு. ஒண்டுக்கு 120 சொல் வைச்சாலே 51,840 சொல், அதுவும் ஒரு ஆட்டத்துக்கு மட்டும். மாசத்தை விட்டிட்டு வருசத்தை நாலாப் பிரியுங்கோ: ஐப்பசி விதைப்பு, தை வெட்டு, வைகாசிப் பொங்கல், ஆவணி வறட்சி. 24 வயசோட நிப்பாட்டினா 48 முறை. அதுக்கு மூண்டு மடங்கு, 144 நிகழ்ச்சி எழுதுங்கோ. 17,280 சொல், ஆளுக்கு நாளுக்கு 300 எண்டால் முதல் வரைவு ஒரு மாசத்தில முடியும்.

கிளை விடவே வேண்டாம். பத்துத் தரம் ரெண்டாப் பிரிஞ்சா 1,024 முடிவு வரும். ஒவ்வொரு நிகழ்ச்சியும் தனித் துண்டு, நிபந்தனை பொருந்தினா மேல வரும். இப்பிடி (துருசு எண்டது குளத்து மதகு):

துருசடியில் ஈரக் காலடி. ஆவணி, வயது 15க்கு மேல், குளநீர் 30க்குக் கீழ், வாக்கு உண்டு.
துருசைத் திற: குளநீர் −10, வயல் +15, வாக்கு போகும்.
பொறு: வயல் −10, தெய்வம் +5.

எண்கள் ஆறுக்கு மேல வேண்டாம்: குளநீர், வயல், காசு, உடம்பு, ஊர்மதிப்பு, தெய்வம். நிபந்தனை இறுகினா நல்ல நிகழ்ச்சி ஒருத்தர் கண்ணிலயும் படாது. ஒண்டுமே பொருந்தாட்டி கேம் நிண்டுபோகும். அதால ஒவ்வொரு பருவத்துக்கும் நிபந்தனையில்லாத அஞ்சாறு வைச்சிருங்கோ. தற்செயலாத் தெரிவு செய்யிற சின்ன நிரல் ஒண்டை 1,000 ஆட்டம் ஓடவிட்டு, பத்துத் தரத்துக்குக் குறைய வந்ததைத் தளர்த்துங்கோ.

எழுத்துக்கூடு:
கதைக்கு முதல் மொழியைத் தீர்மானியுங்கோ, பிறகு திருத்துறது பெரும் பாடு. விளையாடுறவர் தானே பெயர் அடிக்க விட்டா வேற்றுமையில உடையும்: குமரன் குமரனை ஆகும், மாலா மாலாவை, மதி மதியை. பெயரோட 'ஐ'யை அப்பிடியே ஒட்டினா 'மாலாஐ' எண்டு வரும். 20 பெயர்ப் பட்டியல் குடுத்து, ஒவ்வொண்டுக்கும் அஞ்சு வடிவத்தைக் கையால எழுதி வையுங்கோ: குமரன், குமரனை, குமரனுக்கு, குமரனோட, குமரா.

முறைப்பெயரும் அப்பிடித்தான். 12 வயசில தம்பி எண்டு கூப்பிட்ட கடைக்காரர் 24லயும் தம்பி எண்டுதான் சொல்லுவார். ஆனா ஊர்ப் பொடியளுக்கு நீங்கள் அண்ணை, இல்லாட்டி அக்கா. பாத்திரங்களின்ர பிறந்த வருசத்தைப் பதிஞ்சு வயசு வித்தியாசத்தில கணக்கெடுங்கோ. மாமி, மச்சான் உறவால வாறது, மாறாது. கதைசொல்லிக்கு 'நீங்கள்' வைச்சா ஆண்பால் பெண்பால் தொல்லை பாதி குறையும்.

எழுத்து ஒவ்வொண்டாத் தோன்ற வைச்சா 'கொக்கு' முதலில 'க' எண்டு வந்து, பிறகு கொம்பு இடப்பக்கம் முளைச்சுத் தள்ளும். கோடொட் 4இல விசிபிள் கேரக்டர்ஸ் பிகேவியர் எண்ட அமைப்பைக் கிளிஃப்ஸ் (திரையில தெரியிற எழுத்துருவம்) வகைக்கு மாத்துங்கோ.

குளக்கட்டு:
24 வயசோட நிப்பாட்டுறம். அப்டேட் விட்டால் பழைய சேவ் கெடாமல் என்ன செய்ய?

பாலைப்பழம்:
வரிசை எண்ணைச் சேமிக்காதேங்கோ. நடுவில ஒரு நிகழ்ச்சி சேர்ந்தா எல்லாம் இடம்மாறும். 'துருசு_ஈரக்காலடி' மாதிரி மாறாத அடையாளம் குடுத்து, கோப்பில பதிப்பு எண்ணும் எழுதுங்கோ. எழுதேக்க சார்ஜ் முடிஞ்சு போன் நிண்டா கோப்பு பாதியில அறும். தற்காலிகக் கோப்பில முழுக்க எழுதி முடிச்ச பிறகுதான் அதின்ர பெயரைச் சேவ் கோப்பின்ர பெயருக்கு மாத்தவேணும்.